உன் விரல்கள் இப்போது என் கையில்

என் பிரியமான மாப்பிள்ளை மனோகரனுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோதும் எழுதியதில்லை. எழுத என்ன அவசியம் இருந்தது? வாரம் முழுக்கக் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரே பட்டறையில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மேற்கு மாம்பலத்தில் உன் வீட்டில் எனக்குச் சாப்பாடு. நண்பனாக இருந்த நீ என் தங்கை வசந்தாவைக் கட்டி மாப்பிள்ளை ஆன பிறகும் நமக்குள் வாடா போடாதான்.

இப்போது எழுதக் காரணம் வெட்கம். வேறு சொல் தேடிப் பார்த்தேன். வருத்தம், பயம், மனக்கஷ்டம் என்று ஒவ்வொன்றாக எழுதி அடித்துவிட்டேன். வெட்கம் என்பதுதான் பொருந்துகிறது. உயிரோடு இருப்பவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் சொன்னால் நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு, "சரி, அப்புறம்?" என்று கேட்பாய். அந்த "அப்புறம்" கேட்க இப்போது ஆளில்லை.

வங்கியில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

ஓய்வூதியம் வாங்குகிறவன் வருடத்துக்கு ஒரு முறை தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். உன் காலத்தில் ஒரு கையெழுத்தில் முடிந்தது. இப்போது ஒரு சின்னக் கருவியில் கட்டை விரலை வைக்க வேண்டும். மயிலாப்பூரில் மெட்ரோவுக்காக லஸ் முனையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். சுற்றிக்கொண்டு நடந்து வங்கிக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"துடைச்சிட்டு வைங்க சார்" என்றாள் அங்கே இருந்த பெண்.

துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. மற்ற விரல்களையும் வைக்கச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் சிவப்பு. எனக்குப் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? விரலு நுனி குழிப்பணியாரம் மாதிரி உருண்டுகினு கீது. மெஷினு எங்கேருந்து புடிக்கும்?"

வரிசை சிரித்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நின்று நின்று அலுத்தவர்களுக்குக் கிடைத்த சிரிப்பு. அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்க சார்" என்றாள். சிமிட்டினேன். "ஓகே சார், நீங்க உயிரோட இருக்கீங்க" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

நான் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வீடு வந்து கதவைச் சாத்தும்வரை அதை வெளியே எடுக்கவில்லை.

மனோகரா, உனக்கு வந்த அதே விரல்கள். நகத்தடி உப்பி, நுனி உருண்டு, நகம் கிளிமூக்குபோல வளைந்த விரல்கள். வரிசையில் நின்ற யாரோ ஒருவர் ஊர் அறியச் சொல்லும்வரை எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதே. ஆடி மாதமே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சும்மா இருந்தேன்.

உனக்கு அப்படி ஆனபோது நம் ஆட்கள் யாரும் பயப்படவில்லை என்பதை நினைத்துப் பார்க்கிறேன். பயப்படாதது மட்டுமா, பெருமைப்பட்டார்கள். நம் பட்டறையில் செய்தது அளவுக்கட்டைகள். மற்ற பட்டறைகள் தங்கள் இயந்திரப் பாகங்களின் அளவைச் சரிபார்க்க வாங்கும் எஃகுக் கட்டைகள். தேய்ப்புப் பொடி கலந்த பசை தடவிய தட்டின் மேல் அந்தக் கட்டையை விரல்நுனியால் அழுத்தி, மயிரிழையிலும் மெல்லியதாகத் தேய்த்து எடுப்பது உன் வேலை. லாப்பிங். அதைச் செய்தவர்களுக்கு விரல்நுனி அகன்றுவிடும். "லாப்பிங் கை" என்று நமக்குள் ஒரு பட்டம்கூட உண்டு. நான் பக்கத்து அறையில், கையுறை போட்டுக்கொண்டு, நீ தேய்த்ததை அளந்து பார்க்கிறவன்.

நீ ஓய்வு பெற்று வருடங்கள் ஆன பிறகு உன் விரல்கள் பருத்தன. பழைய ஆட்கள் தி. நகரில் கூடியபோது உன் கையைப் பிடித்துப் பார்த்து, "ஆளு ரிட்டயர் ஆயிட்டான், கை இன்னும் ஆவல பாரு!" என்றார்கள். நீயும் கையை விரித்துக் காட்டினாய். வேலையை விட்ட பிறகு ஒரு கை எப்படி வேலையால் பருக்கும்? வாழ்நாள் முழுக்க அளந்தவன் நான். எனக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. அகன்ற நுனி வேறு, உருண்ட நுனி வேறு என்றும் தோன்றவில்லை.

பிறகு உனக்குக் கணுக்கால் வலி. மணிக்கட்டு வலி. காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் குடைச்சல், படுத்துக் காலைச் சுவரில் ஏற்றி வைத்தால் கொஞ்சம் நிம்மதி. வாதம் என்றார்கள். நீ உருளைக்கிழங்கை விட்டாய், பருப்பை விட்டாய். சிகரெட்டை மட்டும் விடவில்லை. நாட்டு மருந்துக் கடையில் தைலம் வாங்கி வசந்தா தினமும் தேய்த்துவிட்டாள். கடைசியில் காலுக்காகப் போன இடத்தில் ஒரு டாக்டர் உன் காலை விட்டுவிட்டு விரலைப் பார்த்தார். நுரையீரலைப் படம் எடுக்கச் சொன்னார்.

நோயின் பெயரை அவர் சொன்னபோது நீ கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "ஹைப்பர்ட்ரோஃபிக் ஆஸ்டியோ ஆர்த்ரோபதியா? டாக்டர், பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பேஷண்ட் போயிடுவான் போலிருக்கே!" அவரே சிரித்துவிட்டார். இது தானாக வரும் நோய் இல்லை, உள்ளே எங்கோ இருக்கும் வேறொன்று எலும்பிலும் விரலிலும் வந்து காட்டிக்கொடுக்கிறது என்றார். உனக்கு அது நுரையீரலில் இருந்தது. அடுத்த சோதனைக்கு நீ போகவில்லை. கார்த்திகை கழியட்டும் என்றாய். பொங்கல் கழியட்டும் என்றாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நான் கத்தினேன். வசந்தா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "படிச்சவன்தானே நீ? பயந்தாங்கொள்ளி! பொண்டாட்டியைத் தெருவுல விடப் பார்க்கறியா?" என்றேன். வாழ்க்கையில் நான் குரல் உயர்த்திப் பேசிய நாட்கள் மிகக் குறைவு. மறுநாள் நீ ஸ்கேனுக்குப் போனாய். அதற்குள் நாள் கடந்துவிட்டது. ஆபரேஷன் செய்ய முடியாது என்றார்கள்.

நீ போன பிறகு சொந்தத்தில் எல்லாரும் சொன்னது இதுதான்: சபாபதி இல்லை என்றால் அவன் டாக்டரிடமே போயிருக்க மாட்டான். நல்ல தைரியசாலி மச்சான். அந்தப் பெயரை நானும் மறுக்காமல் இத்தனை நாள் வைத்துக்கொண்டேன்.

தைரியசாலி ஆடி மாதத்திலிருந்து என்ன செய்தான் என்று கேள்.

வெர்னியரை எடுத்தான். ஓய்வு பெற்ற அன்று பட்டறையில் எனக்குக் கொடுத்தார்களே, அந்த அளவுகோல். உன் டாக்டர் அன்று விளக்கியிருந்தார்: சாதாரணக் கையில் நகம் தொடங்கும் இடத்தின் கனம் அதற்கடுத்த மூட்டின் கனத்தைவிடக் குறைவாக இருக்கும், இந்த நோயில் அது தலைகீழாகும். அளந்தேன். தலைகீழாகத்தான் இருந்தது. உடனே கருவியில்தான் பிழை என்று முடிவு செய்து, துடைத்து, பூஜ்யம் சரிபார்த்து, மறுபடி அளந்தேன். காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. வெயிலில் விரல் வீங்கும் என்று ஒரு தள்ளுபடி. நம் பட்டறையில் ஒரு கட்டை இப்படி அளவு தப்பியிருந்தால் முதல் தடவையே சிவப்பு மை வைத்து ஒதுக்கியிருப்பேன். என் விரலுக்கு மட்டும் அத்தனை சலுகை.

கணுக்கால் வலியும் வந்தது. உன்னைப்போலவே காலைச் சுவரில் ஏற்றி வைத்தால் குறைந்தது. நான் சிகரெட் பிடித்ததில்லை, ஆகவே அதுவாக இருக்க முடியாது என்று எனக்கு நானே வாதாடினேன். நான் லாப்பிங் செய்ததில்லை என்பதுதான் ஒரே குறை. இல்லாவிட்டால் அந்தச் சாக்கையும் எடுத்திருப்பேன்.

பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது. உன் தைலத்தை வாங்கினேன். அதே கடை. "எண்ணெயால சரியாகுமா, மூடர்களா" என்று உன்னையும் வசந்தாவையும் கேட்டவன் நான். கடைக்காரர் "முட்டி வலியா சார்?" என்று கேட்டபோது, "வீட்டுல ஒருத்தருக்கு" என்றேன். தனிக்கட்டைக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் வசந்தா வீட்டில் ஸ்பூன் கேட்கத் தொடங்கினேன். விரலை மடக்கி ஸ்பூனைப் பிடித்தால் நகம் தெரியாது.

"என்னண்ணே, திடீர்னு வெள்ளைக்காரனா ஆயிட்டே? வத்தக்குழம்பை ஸ்பூன்ல எப்படிச் சாப்பிடுவே?" என்றாள்.

"விரல்ல வெட்டுக்காயம்."

"போன வாரமும் அதே காயமா?"

"ஆறல."

 அவள் அப்பளத்தை என் தட்டில் நொறுக்கிப் போட்டாள், ஸ்பூனில் எடுக்க வசதியாக.

எத்தனை நாள் அப்படி ஓட்டியிருப்பேனோ தெரியாது. தைலம்தான் காட்டிக்கொடுத்தது. தி. நகர் பேருந்து நிலையத்திலிருந்து மாம்பலம் ரயில் நிலையத்துக்கு இப்போது ஆகாயத்தில் ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள், நீ பார்க்கவில்லை. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபடாமல் மேலேயே நடந்து மேற்கு மாம்பலத்துக்கு வந்துவிடலாம். அன்றைக்கு அதில் நடக்கும்போதே கணுக்கால் குடைந்தது. வழியில் ஒரு ஓரமாக உட்கார்ந்து கொஞ்சம் தேய்த்துக்கொண்டேன். வசந்தா கதவைத் திறந்தாள். திறந்தவள் நகரவில்லை. அவள் முகம் மாறியது. அந்த வாசனை அந்த வீட்டிலிருந்து உன்னோடு போயிருந்தது, மனோகரா. அதை நான் திரும்ப அழைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"யாருக்கு இந்தத் தைலம்?"

"பக்கத்துப் போர்ஷன்ல ஒருத்தர்..."

"கையைக் காட்டு அண்ணே."

நான் கையிலிருந்த துணிப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என் கையைப் பிரித்து, ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தாள். உன் விரலைக் கடைசி வரை பிடித்திருந்தவள் அவள். வெர்னியர் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"எப்பலேருந்து?"

"தீபாவளி கழியட்டும் வசந்தா, போயிடறேன்" என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன். அவளும் கேட்டாள். சிரிப்பும் அழுகையும் இல்லாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. "அவரை என்ன பேச்சு பேசினே! தட்டுல கை வச்சிருந்த மனுஷனை!" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய் ஸ்பூன் இல்லாமல் தட்டைக் கொண்டு வந்து வைத்தாள்.

அந்த வாரமே அடையாறில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். இளம் வயதுப் பெண். என் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நகத்தோடு நகம் ஒட்ட வைத்துப் பார்த்தார். நல்ல விரல்கள் என்றால் நடுவில் சின்ன வைரம்போல ஒரு சந்து தெரியும், அதன் வழியே வெளிச்சம் வரும். எனக்கு வரவில்லை. காலைப் படம் எடுத்தார்கள். கால் எலும்பின் ஓரத்தில் இன்னொரு மெல்லிய கோடு தெரிந்தது. வரைந்த படத்தின் மேல் யாரோ இரண்டாம் தடவை பென்சில் ஓட்டியதுபோல. எலும்பின் தோல் புதிதாக எலும்பு போடுகிறது, அதுதான் வலி என்றார்.

"இதைப் பார்த்ததும் எல்லாரும் கேன்சர் ஒண்ணைத்தான் நினைக்கறாங்க சார். அப்படி இல்ல. நுரையீரல்ல பழைய சீழ் இருந்தாலும் வரும். இதயத்துல பிறவிக் கோளாறு, கல்லீரல், குடல், எதனாலயும் வரலாம். சில குடும்பத்துல எந்த வியாதியும் இல்லாமலே பரம்பரையா வரும். எதுன்னு பார்த்தாத்தான் தெரியும்" என்றார்.

எனக்குப் பார்த்தார்கள். இடது நுரையீரலின் அடியில் ஒரு நிழல். நுரையீரலை மூடியிருக்கும் உறையிலிருந்து வளர்ந்ததாக இருக்கலாம், அப்படியானால் பெரும்பாலும் சாது, எடுத்துவிட்டால் கால் வலிகூடச் சீக்கிரமே போய்விடும் என்றார். வேறு மாதிரியும் இருக்கலாம். ஊசி விட்டுத் துளி சதை எடுத்துச் சோதித்தால் தெரியும். அதற்கு ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

இனிச் சொல்லப்போவதைத்தான் சொல்லத் தயங்கி இத்தனை பக்கம் எழுதினேன்.

அன்று வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். வசந்தாவும் என்னோடு பட்டினி. அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி, பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே ஏதோ தாமதம். நான்தான் அவளைக் கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு வரச் சொன்னேன். "எனக்கு வேணாம்" என்றாள். "எனக்காகப் போ, நீ மயங்கி விழுந்தா யார் பார்க்கறது?" என்றேன். அவள் போனாள். உள்ளேயிருந்து யாரோ ஒருவர் வலியில் முனகியது கேட்டது. நான் எழுந்தேன். மாடிப்படி இறங்கினேன். வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. ஏறிவிட்டேன்.

அவளைக் காபிக்கு அனுப்பியபோதே இந்த எண்ணம் எனக்குள் இருந்ததா? நூறு முறை கேட்டுக்கொண்டேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் காலைப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, வெறுங்காலோட வர்றே? கோயில்ல செருப்பு பூட்ச்சா?"

"ஆமாம்."

"ஆஸ்பத்திரி வாசல்ல ஏறிக்கினு கோயில்ன்றே. சரி, நமக்கின்னா." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "ஊசிக்குப் பயந்துகினு ஓடியாந்துட்டியா நைனா?" என்றார். நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "எங்கம்மாகூட அப்டித்தான். பல்லு புடுங்க இட்டுனு போனா, நாற்காலியில குந்திகினே டாக்டரைக் கடிச்சிடுச்சு. நீ தேவல, யாரையும் கடிக்கல."

அவர் சிரிக்க வைக்கத்தான் பார்த்தார். நான் கடித்தது யாரை என்று அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் வசந்தா காபியோடு மாடியேறி, காலியான பெஞ்சையும் அதன் கீழே என் செருப்பையும் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். உன்னோடு எத்தனை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தவள் அவள். நீ ஒரு முறையாவது அவளை அப்படி விட்டுவிட்டுப் போனாயா? உள்ளே போகும்போதுகூட "டோக்கன் நம்பர் பத்திரம், திரும்பி வந்து கேப்பேன்" என்று ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைத்துவிட்டுத்தானே போவாய். கைபேசி அடித்தது. அணைத்துவிட்டேன்.

மாலையில் அவள் மயிலாப்பூர் வந்தாள். பிளாஸ்டிக் பையிலிருந்து செருப்பை எடுத்து என் முன்னால் போட்டாள்.

"போட்டுக்கோ. கால்ல கல்லு குத்திச்சுன்னா அதுக்கு வேற ஒரு டாக்டரைத் தேடணும்."

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"நர்ஸ் வந்து 'பேஷண்ட் எங்க பாட்டி?'ன்னு கேக்கறா. பாத்ரூம் போயிருக்கார்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேக்கறா. காபி சாப்பிடப் போயிருக்கார்னேன். வெறும் வயித்தோட இருக்க வேண்டிய ஆளு காபி சாப்பிடப் போனாரான்னு என்னை ஒரு பார்வை பார்த்தா பாரு! அப்புறம் உண்மையைச் சொன்னேன். எங்க அண்ணன் ஓடிட்டார்மான்னு."

"என்னைத் திட்டு வசந்தா."

"திட்டறதெல்லாம் பஸ்ஸுலயே திட்டி முடிச்சுட்டேன். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேற இடத்துக்குப் போயிட்டா."

தண்ணீர் குடித்தாள். சுவரில் நான் காலை ஏற்றி வைத்து ஏற்றி வைத்து எண்ணெய்க்கறை படிந்திருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அன்னிக்கு நீ அவர்கிட்ட கத்திட்டு, கையைக்கூடக் கழுவாம கிளம்பிப் போனியே, ஞாபகம் இருக்கா? நீ போனப்புறம் அவரு என்ன சொன்னாரு தெரியுமா? இத்தனை நாள் உன்கிட்ட சொல்லல. 'உங்கண்ணன் என்னைவிட பயந்து போயிருக்கான் வசந்தா. பாவம், அதான் அந்தக் கத்து கத்தறான். நாளைக்குப் போய் ஸ்கேன் எடுத்துடலாம், இல்லன்னா அவன் தூங்கவே மாட்டான்'னாரு."

மனோகரா, நான் அதட்டியதால் நீ போனாய் என்றுதான் இத்தனை வருடம் நம்பியிருந்தேன். ஊரும் அப்படித்தான் நம்பியது. நீயோ என் பயத்தைப் பார்த்துவிட்டு, அதைத் தணிக்கப் போயிருக்கிறாய். உன் உயிர் போகிற நேரத்தில் என் தூக்கத்தைப் பற்றி யோசித்திருக்கிறாய். எனக்கு எழுந்து எங்காவது போய்விடலாம்போல இருந்தது. ஆனால் ஏற்கனவே ஒரு முறை ஓடியாகிவிட்டது.

"உனக்கு பயமா இருக்கா அண்ணே?" என்று கேட்டாள்.

இந்த வயதுக்குள் என்னிடம் எவ்வளவோ கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. "ஆமாம்" என்றேன். சொன்ன பிறகு வெகுநேரம் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. உருண்ட விரல்களைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும்தான் பயமா இருக்கு. தைரியம் வரட்டும்னு காத்துகிட்டிருந்தா நடக்காது. ரெண்டு பேரும் பயந்துகிட்டே போவோம், வா" என்றாள்.

நேற்றுப் போனோம். அதே பெஞ்ச், அதே நர்ஸ். என்னைப் பார்த்து, "இன்னிக்கு கதவைப் பூட்டிடவா தாத்தா?" என்று கேட்டாள். மேஜையில் படுத்ததும், மேலே நின்றவர்களிடம், "எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்னேன்.  அவர்களில் ஒருவர், "எல்லாருக்கும்தான் சார் இருக்கும். மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார். அவ்வளவுதான். அதைச் சொன்னால் கூரை இடிந்து விழும் என்று எத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஊசி வலித்தது, நான் நினைத்த அளவுக்கு இல்லை. வெளியே வந்தபோது வசந்தா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

முடிவு இன்னும் வரவில்லை. சாதுவாக இருக்கலாம். உன்னுடையதுபோல இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் வேறு ஏதாவது இருக்கலாம்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் பெயரை இழுப்பதற்கு மன்னித்துவிடு. உன் விரலைப் பார்த்துப் பெருமைப்பட்டோமே, அதுபோல இந்த ஊரில் எத்தனை வீட்டில் யார் விரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்களோ? எத்தனை பேர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்களோ? படிக்கிறவர்கள் ஒரு முறை இரண்டு நகங்களையும் ஒட்ட வைத்து வெளிச்சத்தில் பார்க்கட்டும். சந்து தெரியவில்லை என்றால் ஒரு டாக்டரிடம் காட்டட்டும். விரல் இப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பது உன் டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. யாராவது தவறாக நினைத்துக்கொள்வார்களோ என்ற கூச்சம். பேருந்தில் எதிரே உட்கார்ந்தவரின் விரல்களும் இப்படி உருண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதும் உண்டு. அவர் இப்போது எங்கே இருக்கிறார்?

மாப்பிள்ளை, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். முடிவு வரும் நாளில் வசந்தா பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்பேன். ஆபரேஷன் என்றால் அன்றே கையெழுத்துப் போடுவேன்; எந்தப் பண்டிகையும் கழியக் காத்திருக்க மாட்டேன். உன்னைப்போலச் சிரித்துக்கொண்டு உள்ளே போக எனக்கு வராது, அதை எதிர்பார்க்காதே. ஆனால் பயம் வரும்போது அதைப் பயம் என்றே சொல்வேன். கோபமாக்கி, சாப்பிட உட்கார்ந்த இன்னொருவன் தட்டில் கொண்டுபோய்க் கொட்ட மாட்டேன்.

உன்னைவிட அதிகமாகப் பயந்த,
உன் வசந்தாவின் அண்ணன்,
உன் மச்சான்
சபாபதி